மண்டபம் பார்க்கப் போய்ச் சாண்ட்விச் சாப்பிட்ட கதை

மோர்டன்,
லண்டன்.
மே 9, சனிக்கிழமை காலை

என் மதிப்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயத்துக்கும் உரிய பெர்னடெற் அக்காவுக்கு,

தம்பி கிறிஸ்துநாயகம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இசபெலும் பிள்ளை ஜெஸ்ரினும் சுகமாக இருக்கிறோம். அங்கே மன்னாரில் உங்கள் முழங்கால் நோ குறைந்து, அத்தானின் இருமலும் அடங்கி, இருவரும் பூசைக்கு நடந்தே போய்வரும் நிலையில் இருக்கவேண்டும் என்று மடு மாதாவை மன்றாடுகிறேன். லண்டனில் குளிர் விட்டுவிட்டது. ஆனாலும் நம்பக்கூடாது என்று எல்லோரும் கோட்டோடுதான் திரிகிறோம்.

அக்கா, செப்டெம்பர் பத்தொன்பதாம் திகதி ஜெஸ்ரினின் கலியாணத்துக்கு வர விசா எடுக்கவேண்டும், மண்டபத்தின் பெயரையும் விலாசத்தையும் அனுப்பு என்று நீங்கள் மூன்று தரம் போன் எடுத்துக் கேட்டீர்கள். மூன்று தரமும் நான் லைன் கிளியர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் கிளியராகத்தான் இருந்தது. நான்தான் கிளியராக இல்லை. இதைப் போனில் சொல்லலாம் என்றால், இசபெல் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பாள். ஆகவே முப்பது வருடத்துக்குப் பிறகு பேனை எடுத்துக் கடிதம் எழுதுகிறேன். போன கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் கூண்டுக்குள் இருந்து சிரித்தார். பாவத்தைக் கேட்டுச் சிரிப்பது முறையா என்று எனக்குத் தெரியாது. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், பிறகு "ஆருக்கு மறைச்சனீங்களோ அவையிட்டயும் சொல்லுங்கோ" என்றார். இசபெலிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

மாப்பிள்ளை பவித்திரனை நீங்கள் வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். அவனுடைய தகப்பன் மணியத்தைப் பார்த்ததில்லை. மலேசியாவில் ஈப்போவில் பிறந்து, படிக்க லண்டன் வந்து, இங்கேயே தங்கிவிட்ட மனிதர், பேச்சின் முடிவில் மலேசியாக்காரரின் 'லா' மட்டும் இன்னும் போகவில்லை. லிஃப்ட் பூட்டும் கம்பெனியில் இஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர், நோர்பரியில் வீடு, சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு சின்ன அளவுநாடா. ஜனவரியில் சம்பந்தம் பேசி முடிந்ததும், இசபெலும் அவருடைய மனைவி குணவதியும் வேலைகளைப் பிரித்தார்கள். சேலை, சாப்பாடு, அழைப்பிதழ், பூ, போட்டோ எல்லாம் பெண்கள் பக்கம். எங்கள் இருவருக்கும் ஒரேயொரு வேலை: மண்டபம் பார்ப்பது. இசபெல் மண்டபங்களின் பெயரை ஒரு தாளில் எழுதித் தந்தாள். சனிக்கிழமைக்கு ஒன்றாகப் போய்ப் பார்த்து, பிடித்ததைப் பதிந்துவிட்டு வாருங்கள் என்றாள். முப்பது வருடம் ரயில் நிலையத்தில் வேலை செய்து, லட்சக்கணக்கான சனங்களுக்கு வழி சொன்ன எனக்கு இது ஒரு வேலையா என்று நானும் தாளை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தேன்.

முதல் சனிக்கிழமை, பெப்ரவரி. பாலம் ஸ்டேஷனில் சந்தித்தோம் (பாலம் என்பது ஊரின் பெயர், அங்கே பாலம் ஒன்றும் இல்லை), பஸ் எடுத்து ஸ்ட்ரெதம் பக்கம் இருந்த மண்டபத்துக்குப் போனோம். பதினொரு மணிக்கு வரச்சொன்ன காவலாளியைக் காணவில்லை. கதவில் 'இரண்டு மணிக்கு வருவேன்' என்று ஒரு துண்டு ஒட்டியிருந்தது. குளிர், பசி, பக்கத்தில் நிற்பவரோ புதுச் சம்பந்தி, என்ன கதைப்பது என்றும் தெரியாது. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் தள்ளி ஹார்வி என்பவர் நடத்தும் டெலி ஞாபகம் வந்தது, சம்பந்தியை அங்கே கூட்டிப்போனேன். அக்கா, டெலி என்றால் சமைத்த இறைச்சி, சீஸ், ஊறுகாய் வகையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, நாங்கள் கேட்டபிறகு கண்ணுக்கு முன்னால் வெட்டிப் பாணுக்குள் அடுக்கித் தரும் கடை. வேலை செய்த காலத்தில் ஷிப்ட் முடிந்து நான் இடையிடையே அங்கே போவதுண்டு, அதுவும் இசபெலுக்குத் தெரியாது. உப்புநீரில் நாள்கணக்காக ஊறவைத்து, பிறகு மெல்லிய சூட்டில் அவித்த மாட்டிறைச்சி. ஹார்வி அதைத் தூக்கிப் பலகையில் வைக்கும்போது ஆவி பறக்கும், கத்தி பட்டவுடன் இறைச்சி தானாகவே பிரிந்து விழும். அதைக் கருமையான றை பாணுக்குள் விரல் உயரத்துக்கு அல்ல, கை உயரத்துக்கு அடுக்கி, மூக்கைப் பிடிக்கும் கடுகுச் சாந்து பூசி, புளிக்கவைத்த வெள்ளரிப்பிஞ்சை நீளத்துக்கு வெட்டி வைப்பார். கடிக்கும்போது கொழுப்பு, உப்பு, உறைப்பு, புளிப்பு நாலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நிற்கும். மணியம் மாடு சாப்பிடமாட்டார். அவருக்கு அதே உயரத்தில் வான்கோழி. அவர் தட்டைப் பார்த்தார், அளவுநாடாவை எடுத்தார், அளந்தார்.

"நாலரை அங்குலம் சம்பந்தி. என் வாய் ரெண்டரைதான் திறக்கும் லா."

"அமத்திப் பிடிச்சுக் கடியுங்கோ. இதுக்கு மரியாதை பாக்கக்கூடாது," என்று சொல்லி, எப்படி என்று காட்ட நானே பெரிதாக ஒரு கடி கடித்தேன். பாணின் ஓரம் அன்றைக்குக் கொஞ்சம் மொறுமொறுப்பாக இருந்தது. டக் என்று ஒரு சத்தம். என்னுடைய மேல் கட்டுப்பல் கழன்று சாண்ட்விச்சுக்குள் போய்விட்டது, அக்கா. புதுச் சம்பந்திக்கு முன்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறேன், அவரோ எழுந்துபோய் ஹார்வியிடம் இடுக்கி வாங்கிவந்து, இறைச்சியை ஒவ்வொரு அடுக்காகத் தூக்கி, லிஃப்ட் இயந்திரம் கழற்றுபவர் போல அமைதியாகத் தேடினார். வெள்ளரிப்பிஞ்சுக்கு அடியில் இரண்டு துண்டாகக் கிடந்தது. கழுவி, கடதாசியில் சுற்றி, என் கோட்டுப் பொக்கற்றில் அவரே வைத்துவிட்டார். பிறகு இருந்து தன்னுடைய வான்கோழியை முழுதாகச் சாப்பிட்டு முடித்து, விரலில் இருந்த கடுகையும் நக்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சாண்ட்விச் இல்ல, மூட்டை" என்றார். மண்டபத்துக்குத் திரும்பிப் போகும்போது மூன்றரை மணி. காவலாளி வந்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் இசபெல் கேட்கிறாள், "ஹோல் பாக்கப் போன மனுசன் என்னத்தைக் கடிச்சவர்?" நான் மண்டபம் சின்னன் என்று மட்டும் சொன்னேன். பல்லில்லாமல் சொன்னதால் பொய் அவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை.

பல் செய்ய இரண்டு கிழமை என்றார்கள். ஒரு கிழமை முழுக்கக் கஞ்சியும் சூப்பும். அடுத்த சனிக்கிழமை பார்க்கவேண்டிய மண்டபம் வால்தம்ஸ்டோவில். ஸ்டொக்வெல்லில் மாறிவிட்டால் பிறகு ஒரே ரயிலில் இருந்தபடியே போய் இறங்கலாம். ஆனால் ஒக்ஸ்போர்ட் சர்க்கஸ் வந்ததும் மணியம் எழுந்து நின்றார். "இங்க மாறினா வெஸ்ட் ஆக்டன். அங்க ஒரு ஜப்பான் கடை இருக்கு. பல் இல்லாதவங்க சாப்பிடற மாதிரி ஒண்ணு வாங்கித் தரேன், வாங்க" என்றார். வால்தம்ஸ்டோ கிழக்கே, ஆக்டன் மேற்கே. வழி தெரியாதவன் போனால் மன்னிக்கலாம். நான் ஒவ்வொரு ஸ்டேஷனும் தெரிந்தே போனேன்.

கடையை நடத்துபவர் திருமதி ஒகாவா, எங்கள் வயதுக்காரி. ஜப்பானில் தெருவுக்குத் தெரு விடிய விடியத் திறந்திருக்கும் சின்னக் கடைகளில் விற்கும் சாண்ட்விச் போலவே செய்து, முக்கோணமாக வெட்டி, மெல்லிய உறைக்குள் போட்டு அடுக்கிவைத்திருந்தார். ஓரம் வெட்டிய பாண், அதுவும் பாண் என்று சொல்லமுடியாத அளவுக்கு வெள்ளை, தொட்டால் பள்ளம் விழுந்து மெதுவாக மேலே எழும்பும். உள்ளே முட்டை மட்டும்தான். அவித்து, நசித்து, மயோனைஸ் சேர்த்து, நடுவில் மாத்திரம் மஞ்சள் கருவைக் கொஞ்சம் இளகலாக விட்டிருந்தார். இதைப் பார்க்க எனக்குக் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் சாப்பாடு போலத்தான் இருந்தது, மரியாதைக்கு வாயில் வைத்தேன். அக்கா, கடிக்கவேண்டிய தேவையே வரவில்லை. நாக்கும் அண்ணமும் சந்தித்தன, பாண் கரைந்தது, பிறகு முட்டை வந்தது, ஒரு துளி இனிப்பு, ஒரு துளி உப்பு, முடிந்துவிட்டது. கையைப் பார்த்தால் உறை மட்டும் இருந்தது. நான் எழுந்துபோய் இன்னும் மூன்று எடுத்து வந்தேன்.

கடைக்கு வெளியே கிடந்த நீள மரவாங்கில் இருந்து சாப்பிடும்போதுதான் மணியம் அதைச் சொன்னார். பவித்திரன் பிறந்தபோது கம்பெனி அனுப்பி அவர் ஜப்பானில் ஒசாகாவில் வேலையில் இருந்தாராம், குணவதி பிள்ளைப்பேற்றுக்கு ஈப்போவில். "ஆபீசுக்குக் கீழ ஒரு கடை. காலைல தினம் இந்த முட்டை சாண்ட்விச்தான். ஒரு நாள் அந்தக் கடைக்குள்ள நிக்கிறப்ப ஆபீஸ் பையன் ஓடி வந்து சொல்றான், உங்களுக்கு மகன் பிறந்திருக்கான்னு. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. அங்க யாரையும் தெரியாது. கூட ரெண்டு சாண்ட்விச் வாங்கினேன். யாருக்குக் கொடுக்கறதுன்னு தெரியல. ரெண்டையும் நானே சாப்பிட்டுட்டு வேலைக்குப் போயிட்டேன்." எனக்கு ஜெஸ்ரின் பிறந்த அன்றைக்கு இரட்டை ஷிப்ட், செய்தி வந்தபோது நான் பிளாட்போர்மில் தனியாக நின்றேன். அதை அவருக்குச் சொன்னேன். பிறகு ஆளுக்கு இன்னொன்று வாங்கினோம். வால்தம்ஸ்டோ மண்டபத்தைப் பற்றி இசபெலிடம், கார் நிறுத்த இடமில்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரே விவாதம்தான், எது மேல் என்று. எனக்குப் பல் வந்ததும் நான் மறுபடியும் ஹார்வி கட்சி. அவர் ஒகாவா கட்சி. நான் சொன்னேன், டெலியில் எனக்கு எவ்வளவு கடுகு வேண்டும் என்று ஹார்வி என் முகத்தைப் பார்த்தே போடுகிறார், அதில் ஒரு உறவு இருக்கிறது என்று. அவர் சொன்னார், யாரையும் தொந்தரவு செய்யாமல் எடுத்துக்கொண்டு போய், எந்த நாளும் அதே ருசியைச் சாப்பிடலாம் என்பதில்தான் நிம்மதி இருக்கிறது என்று. தீர்ப்புக்கு மூன்றாம் ஆள் வேண்டும். தோர்ன்டன் ஹீத்தில் ஒரு மண்டபத்துக்குப் போன அன்று இரண்டு கடையிலும் முன்கூட்டியே வாங்கிப் பையில் கொண்டுபோனோம். மனேஜர் றஜீவ் என்று ஒரு மெலிந்த தம்பி, மண்டபத்தைச் சுற்றிக்காட்ட வந்தவர். மேடையில் மேசை போட்டு அவரை இருத்தினோம். நல்ல மனது உள்ள பிள்ளை, கண்ணை மூடி ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினார், "அங்கிள், இன்னும் ஒருக்கா டேஸ்ட் பண்ணினால்தான் சொல்ல ஏலும்" என்றார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த முக்கால் மணித்தியாலத்தில், கீழே ஆபீசில் வேறொரு குடும்பம் வந்து செப்டெம்பர் பத்தொன்பதைப் பதிந்துவிட்டுப் போய்விட்டது. தீர்ப்பும் கிடைக்கவில்லை. இரண்டும் நல்லாயிருக்கு என்றார். அந்த மண்டபம்தான் உண்மையிலேயே நல்ல மண்டபம், அக்கா.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு வெட்கமான பகுதி. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் திருமதி ஒகாவா புதிதாக ஒன்று வைத்திருந்தார். அதே வெள்ளைப் பாண், உள்ளே அடித்த கிறீம், அதற்குள் முழு ஸ்ரோபெரிப் பழங்கள். மணியம் இரண்டு கையாலும் எடுத்து எனக்கு நீட்டினார். நான் வாங்கவில்லை. "சம்பந்தி, நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்கக்கூடாது. பாணுக்குள்ள ஸ்ரோபெரி வைக்கிறவன் நாளைக்குப் புட்டுக்குள்ள ஐஸ்கிறீம் வைப்பான். இது சாப்பாடு இல்லை, பகிடி" என்றேன். கோவிக்கக்கூடாது என்று நான் சொன்னால் எதிரில் இருப்பவர் கோவிப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். மணியத்தின் முகம் சுருங்கிவிட்டது. அதை உறைக்குள் திரும்ப வைத்தார். திரும்பிவரும் ரயிலில் ஸ்டொக்வெல்லில் மாறும்போது, எனக்கு முன்னால் நடந்து வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

இரண்டு கிழமை போன் இல்லை, மண்டபம் இல்லை. நான் ஹார்வியிடம் தனியாகப் போய்ப் பார்த்தேன். இறைச்சி அதே இறைச்சி, கடுகு அதே கடுகு, ஆனால் பாதியைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம் பிடித்துவிட்டது. இசபெல் இரவுச் செபத்தை இடையில் நிறுத்திவிட்டுக் கேட்டாள், "சொல்லுங்கோ, அவை சீதனம் ஏதும் கேட்டவையோ? இல்லாட்டிக் கோயில் கலியாணம் வேண்டாமெண்டவையோ?" ஜெஸ்ரின் வேலையால் வந்த உடுப்போடு என் பக்கத்தில் வந்து இருந்தாள். "அப்பா, ஜஸ்ட் டெல் மீ. பவியிட அப்பா ரெண்டு வீக்கா ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லையாம். பவி இஸ் ரியலி வொரீட். நீங்கள் ரெண்டு பேரும் பெரிசா ஏதும் சண்டையோ?" என்று கேட்டாள், கண் கலங்கியிருந்தது. என் ஒரேயொரு பிள்ளையின் கலியாணம் ஒரு ஸ்ரோபெரிப் பழத்தில் முட்டுப்பட்டு நிற்கிறது என்று நான் எப்படிச் சொல்லுவேன். ஒன்றுமில்லை பிள்ளை என்றேன். அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை.

மறுநாள் காலை தனியாக வெஸ்ட் ஆக்டன் போனேன். திருமதி ஒகாவா எனக்குப் பின்னால் இன்னொருவர் வருகிறாரா என்று வாசலைப் பார்த்தார். ஸ்ரோபெரி சாண்ட்விச் ஒன்றை எடுத்துக்கொண்டு அதே வாங்கில் இருந்தேன். கடித்தேன். கிறீம் நான் நினைத்ததுபோல் திகட்டவில்லை, குளிர்ந்த பால் மாதிரி இருந்தது. பழம் புளிப்பு. பாண் இரண்டையும் பிடித்துச் சமாதானம் பண்ணிவைத்தது. நான் அந்த இடத்திலேயே போன் எடுத்தேன்.

"சம்பந்தி, நான்தான். பிழை என்னில."

"எங்க இருக்கீங்க?"

"உங்கட கடைக்கு முன்னால."

"கைல என்ன?"

"ஸ்ரோபெரி."

பிறகு, "எந்தப் பக்கத்திலிருந்து கடிச்சீங்க?" என்று கேட்டார். மூலையில் இருந்து என்றேன். "தப்பு லா. நடுவுல இருந்து கடிக்கணும், அங்கதான் பழம் முழுசா இருக்கும். அசையாம இருங்க, வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒரு மணித்தியாலம் கழித்து மேல்மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவரும் அதற்கு முந்தின சனிக்கிழமை ஹார்வி கடைக்குத் தனியாகப் போனாராம், யாராவது ஒருவர் பக்கத்திலிருந்து அமத்திப் பிடிச்சுக் கடியுங்கோ என்று சொல்லாமல் அவருக்கு அது இறங்கவில்லையாம். இப்போது அக்கா, நாங்கள் கட்சி எல்லாம் கலைத்துவிட்டோம். பசித்தால் ஹார்வி, மனம் சரியில்லையென்றால் ஒகாவா என்று ஒழுங்கு.

ஆனால் மண்டபம் இல்லை. இந்தக் கிழமை இருவரும் இருந்து தாளில் உள்ள எல்லா இடத்துக்கும் போன் அடித்தோம். எடுத்தவர்கள் எல்லாம் செப்டெம்பர் பத்தொன்பது இல்லை என்கிறார்கள், சிலர் எடுக்கவே இல்லை. நவம்பரில் என்றால் இருக்கிறதாம். ஆகவே உங்களிடம் ஒரு மன்றாட்டம். நீங்கள் இசபெலுக்குப் போன் எடுத்து, முழங்காலுக்கு வைத்தியம் நடக்கிறது, செப்டெம்பரில் பிளேனில் ஏற ஏலாது, நவம்பருக்கு மாற்றினால்தான் என்னால் வரமுடியும் என்று ஒரு சொல் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் இந்தக் குடும்பத்தில் மறுபேச்சு இல்லை. பழியை உங்கள் முழங்கால் ஏற்றுக்கொள்ளட்டும், அது ஏற்கெனவே எவ்வளவோ தாங்கிய முழங்கால். வாசித்தவுடன் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் இருவர்மீதும் ஆண்டவரின் ஆசீரும் மாதாவின் காவலும் என்றும் இருப்பதாக.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
கிறிஸ்துநாயகம்

பி.கு.: அன்புள்ள மச்சாளுக்கு, இசபெல் எழுதுவது. முத்திரை வாங்கப் போகிறேன் என்று இவர் இதை மேசையில் திறந்தபடி வைத்துவிட்டுப் போய் மூன்று மணித்தியாலம். வீட்டில் முத்திரை இருக்கிறது, இவர் வரமுதல் உறையை ஒட்டி நானே தபாலில் போட்டுவிடுவேன், வாசிக்கவில்லை என்றும் சொல்லுவேன். கலியாணம் செப்டெம்பர் பத்தொன்பதுதான். மண்டபத்தை நானும் குணவதியும் ஜனவரியிலேயே பக்கத்தில் மிச்சம் என்ற ஊரில் பதிந்துவிட்டோம், விசாவுக்குரிய கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன், விலாசம் அதில் இருக்கிறது. போனில் உங்களுக்கு நானே சொல்லியிருப்பேன், இவர் பக்கத்திலேயே நிற்பார். இவருக்குத் தந்த தாளில் உள்ள மண்டபங்களில் பாதி பூட்டிக் கன காலம், ஒன்று நீச்சல் தடாகம். இந்த இரண்டு ஆண்களும் வீட்டில் நின்றால் ஒரு சேலை எடுக்க ஏலாது, ஆளுக்கொரு நிறம் சொல்லுவார்கள் என்றுதான் முதலில் அனுப்பினோம். ஏப்ரலில் இவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தபோது எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது, இந்தச் சாண்ட்விச் விஷயம் இன்றைக்குத்தான் தெரியும். மச்சாள், வேலை விட்டதில் இருந்து இவர் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனிசன், ஒரு சிநேகிதர் இல்லை. இப்போது சனிக்கிழமை விடிந்தால் தானே எழும்பிச் சட்டைக்கு அயர்ன் போடுகிறார். அதனால் நீங்கள் கோபிக்காமல், யோசித்துச் சொல்லுகிறேன் தம்பி என்று மட்டும் பதில் போடுங்கள். செப்டெம்பர் வரைக்கும் இவருக்கு மண்டபம் கிடைக்கக்கூடாது.